மாரியாயி விழுங்கிய மாத்திரைகள்

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த தோட்டத்து டிஸ்பென்சர்மார் என்னைக் கேலி செய்ய ஒரு விஷயம் வைத்திருந்தார்கள். தலைவலி என்று யார் வந்து நின்றாலும் மருந்து அலமாரிப் பக்கம் நான் திரும்ப மாட்டேன். "வலி வந்தப்ப எந்த மலையில, எந்த நெறையில நின்ன?" என்றுதான் முதலில் கேட்பேன். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் எங்களுக்கு ஒரு மலை. கொழுந்து எடுக்கும் பெண் ஏறிப்போகும் வரிசை நெறை. "ஐயா வைத்தியம் பாக்குறாரா, இல்ல காணி அளக்குறாரா?" என்று இவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் ஓய்வுபெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் போன மாதம் ஒருத்தர் போனில் கூப்பிட்டு, "ஐயா, அது ஏன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே" என்றார். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதில் என் வண்டவாளமும் சேர்ந்து கிடக்கிறது.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். பங்குச் சாமியார் ஒருவரின் தயவில் பள்ளிக்கூடம், அதன் பிறகு மருந்து கலக்கும் படிப்பு, இரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் புண் கழுவி ஊசி போட்டது. என் கல்வி அவ்வளவுதான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து மருந்துச்சாலை என் கைக்கு வந்தது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், வாய் நிறைய "டாக்டர் ஐயா" என்று கூப்பிடும் சனம். தலைக்கனம் ஏறியது உண்மை. மறைக்க மாட்டேன்.

அந்தத் தோட்டத்தில் ஆளைவிட அதிகமாக இருந்தது தலைவலி. கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் உச்சந்தலையில் கிடக்கும். மழையில் நனைந்த கொழுந்தோடு கூடை முதுகில் தொங்க, முழுப் பாரத்தையும் தலை தாங்கும். பின்னேரமானால் பாதிப் பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதைக் கயிற்றுவலி என்போம். ஏ.பி.சி. என்று ஒரு மாத்திரை அப்போது இருந்தது. அதன் முதல் சரக்கு ஆஸ்பிரின். இரண்டை விழுங்கித் தேத்தண்ணி குடித்தால் ஆள் எழும்பிவிடும்.

வேலை நேரத்தில் மலையை விட்டு இறங்கினால் அன்றைக்குப் பேர் போய்விடும். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. மருந்துச்சாலை ஒன்றரை மைல் தூரம். பேருக்குப் பயந்து வலியோடு நிற்கும் பெண்களைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய பிஸ்கட் டப்பாக்கள் ஆறை எடுத்து, மாத்திரையை நிரப்பி, மலையில் வேலை வாங்கும் ஆறு கங்காணிமார் கையிலும் கொடுத்தேன். "தலவலின்னா ரெண்டு குடுங்க, கங்காணி." பெண்கள் என்னை வாழ்த்தினார்கள். மலையில் ஆள் குறையவில்லை என்று தோட்டத்து மேனேஜர் தொரைக்கும் சந்தோஷம். நோயாளியைப் பார்க்காமல், புத்தகத்தில் பதியாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரிந்த சட்டம்தான். சட்டம் கிடக்கட்டும், சனத்துக்கு நல்லது செய்கிறோம் என்று இருந்தேன்.

எங்கள் பகுதி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் டாக்டர் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கட்டை உருவம், நூல்சேலை, கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. தோட்டத்து டிஸ்பென்சர்மார் எல்லோரும் மாதத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் பதிவுப் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். நின்றால் தெரியும் சங்கதி. சத்தம் போடவே மாட்டார். ஒரு வரியில் விரலை வைத்து, "இது என்ன?" என்பார்.

அவர் நோயாளி பார்க்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு, தன் கண் நோயாளியின் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி உட்காருவார். கூட்டிக்கொண்டு வந்த நாம் விளக்கம் சொல்லத் தொடங்கினால், "உம்மடை கதை பிறகு. முதல் அவவின்ரை கதை" என்று கையைக் காட்டுவார். நோயாளி சொன்ன வாக்கியத்தை அப்படியே தமிழில் எழுதுவார். சுற்றிவர இங்கிலீஷ், நடுவில் லயத்துத் தமிழ். "நெஞ்சுக்குள்ள எலி ஓடுது" என்று ஒரு கிழவர் சொன்னதை அவர் அச்சுப்போல் எழுதிவைத்ததை நானே பார்த்தேன். அவரைக் கண்டால் எனக்குப் பயம். பயத்தைவிட மரியாதை அதிகம்.

இனி மாரியாயி. முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்று பிள்ளைகள். புருஷன் சுப்பையா கவ்வாத்துக்காரன். கொழுந்து எடுப்பதில் மாரியாயியின் கையை யாரும் எட்ட முடியாது. வாயும் அப்படித்தான். என்னைக் கண்டால், "டாக்டர் ஐயா, ஒங்க ஊசிய விட நாக்குதான் கூரு" என்று சொல்லிவிட்டுப் போகும் ஆள்.

கொழுந்து குவிகிற மாதம் அது. ஒரு திங்கட்கிழமை மாரியாயி மலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாந்தியும் எடுத்திருக்கிறாள். கங்காணி டப்பாவைத் திறந்து இரண்டு கொடுத்தார். அடுத்த நாள் நான் லயத்துக்கு வேறு வேலையாகப் போனபோது வாசலில் சுருண்டு கிடந்தாள். "என்ன மாரியாயி, கயித்துவலியா?" என்று கேட்டு, பதிலுக்கும் காத்திராமல், பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தேன். மறுநாள் அவள் வேலைக்கே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சுப்பையா அவளைக் கைத்தாங்கலாக மருந்துச்சாலைக்குக் கொண்டுவந்தான். இடது கண் இமை சரிந்து பாதிக் கண்ணை மூடியிருந்தது. தூக்கச் சொன்னேன், தூக்க முடியவில்லை. இது கயிற்றுவலி இல்லை என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. கொழுந்து லொறியை மறித்து, சாக்கை விரித்து ஏற்றினேன்.

லொறியில் சுப்பையாவிடம், "அஞ்சு நாளா என்னதான் குடுத்தீங்க?" என்றேன்.

"கங்காணி டப்பாதாங்க. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல ரெண்டு, கொழுந்து நிறுக்கிறப்ப ரெண்டு. ராவைக்குன்னு ரெண்டு முடிஞ்சு குடுப்பாரு. இன்னைக்கும் ரெண்டு போட்டுட்டுத்தாங்க வந்தா."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருபதைத் தாண்டியது. அப்போதும் எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பிள்ளை, இந்தத் தலையிடி துவங்கேக்கை எங்கை நிண்டனீர்?"

மாரியாயிக்குப் பேச்சு குழறியது. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் வந்தது. "ஏழாம் நம்பரு மலைங்க. மூணாவது நெற. அந்தச் சவுக்கு மரத்துக்கு அடுத்த செடி. வலது கையில ஒரு புடி கொழுந்து இருந்துச்சு. கூடையில போடல. யாரோ பின்னாலேருந்து ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல."

டாக்டரம்மா அதை ஒரு எழுத்துவிடாமல் எழுதினார். பிறகு என் பக்கம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "கேட்டீரோ? கயித்தாலை வாற தலையிடி எப்ப துவங்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இவவுக்கு எந்தச் செடி எண்டும் தெரியுது."

அவள் முகவாயை நெஞ்சில் முட்டவைக்கப் பார்த்தார். கழுத்து கட்டையாக நின்றது. டோர்ச் அடித்தார். இடது கண்ணின் கருமணி விரிந்தபடியே கிடந்தது. அதன்பின் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் வயிற்றில் முட்டும்படி மடக்கி, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பு இடுக்கில் ஊசியை அவர் இறக்கியபோது என் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. மூன்று சிறிய கண்ணாடிக் குழாய்களில் துளித்துளியாகப் பிடித்தார். தெளிந்த தண்ணீர்போல் வர வேண்டியது சிவப்பாக வந்தது. மூன்றையும் ஜன்னல் ஓரம் வரிசையாக நிறுத்தினார். ஊசி குத்திய இரத்தமென்றால் மூன்றாவதில் வெளிறிவிடும். மூன்றும் ஒரே சிவப்பு. குழாயை இயந்திரத்தில் சுழற்றித் தெளியவைத்தபோது மேலே நின்ற நீர் மஞ்சளாக இருந்தது. அது நாலைந்து நாளுக்கு முந்திய இரத்தத்தின் நிறம்.

"மூளைக்குப் போற இரத்தக்குழாயிலை ஒரு புடைப்பு. சைக்கிள் ரியூப் நைஞ்ச இடத்திலை ஊதிக்கொண்டு வருமே, அது மாதிரி. திங்கட்கிழமை அது ஒருக்கா வெடிச்சிருக்கு. சின்னதொரு இரத்தக்கட்டி அடைச்சுக்கொண்டு நிக்கிறபடியால்தான் இவ உயிரோடை இருக்கிறா. கொழும்பிலை மண்டையைத் திறந்து அந்தப் புடைப்பின்ரை கழுத்திலை கிளிப் போட வேணும்." கடிதத்தாளை எடுத்தார். "ஆஸ்பிரின் ஏதும் குடுத்தனீரோ? அது இரத்தத்தைக் கட்டவிடாது. அந்த அடைப்பு கழண்டால் முடிஞ்சுது."

ஆறு டப்பாவும் கண்முன்னே வந்தன. வேலை போனால் திரும்பிப் போக எனக்கு லயத்தில் ஓர் அறைகூட இல்லை.

"ரெண்டுங்கம்மா" என்றேன்.

பொய் இல்லையே, என் கையால் கொடுத்தது இரண்டுதானே என்று எனக்கே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன். அவர் "இரண்டு" என்று எழுதி, உறையை ஒட்டினார்.

வெளியே அம்புலன்ஸ் வந்து நின்றது. மாரியாயியைத் தூக்கி வைத்தார்கள். சுப்பையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்க குடுத்த மாத்திரையிலதான் இத்தன நாளு தாங்குனா. ஒங்க புண்ணியம்" என்று அழுதான். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன். எங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய, செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்ல, சாமியார் ஒரு தட்டிக்குப் பின்னால் இருப்பார். இங்கே தட்டியும் இல்லை.

"டாக்டரம்மா, ரெண்டு இல்லைங்க."

அவர் நிமிரவில்லை. "எத்தினை?"

"இருபதுக்கு மேல. கூட்டிப் பாத்தா இருபத்திரெண்டு, இருபத்தஞ்சு வரும்."

"கடைசியா எப்ப?"

"இன்னைக்குக் காலையில."

"ஆர் குடுத்தது?"

"கங்காணிங்க. ஆனா டப்பாவ நெரப்பிக் குடுத்தது நான். ஆறு டப்பா."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒட்டிய உறையைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். மணி பார்த்தார். நான் சொன்ன ஒவ்வொரு எண்ணிக்கையையும், நாளையும் வேளையையும் எழுதி, திருப்பி என்னையே வாசிக்கச் சொன்னார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

"ஏறும். நீரே கொண்டுபோய் கொழும்பு சேர்ஜனிட்டைக் குடும். கேட்டால் வாயாலையும் சொல்லும்."

நோட்டன் பிரிட்ஜ் வளைவுகளில் அவள் தலையை என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குலுக்கல் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "ஹெமின் மல்லி, ஹெமின்" என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். அந்தச் சிங்களத் தம்பியும் மெதுவாக, வளைவுக்கு வளைவு முட்டை கொண்டுபோகிறவன்போல் ஓட்டினான். கினிகத்தேனையில் மாரியாயி கண்ணைத் திறந்து, "டாக்டர் ஐயா, இன்னைக்கு எனக்குப் பேரு போட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டாங்க என்று சொன்னேன். மாதாவே, அந்தப் பொய்யை மட்டும் நீ மன்னிப்பாய்.

கொழும்பில் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் கடிதத்தை நின்றபடியே படித்தார். மாத்திரைக் கணக்குக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எண்ணியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். படமெடுத்துப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளிலேயே திறப்பதாக இருந்தாராம். இப்படியிருக்கத் திறந்தால் இரத்தம் நிற்காது, மேசையிலேயே போய்விடுவாள் என்று சொல்லிவிட்டு, புது இரத்தம் ஊறும்வரை பத்து நாளாவது பொறுக்க வேண்டும் என்றார். பொறுக்கிற நாளில் மறுபடி வெடித்தால்? அதற்கு அவர் கையை விரித்துக் காட்டினார்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தோட்டத்து ஒபிஸில் டெலிபோன் மணி அடித்ததா என்று நாளுக்கு நாலு தடவை போய்க் கேட்பேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிளாக்கர் மூச்சு வாங்க ஓடிவந்தார். டாக்டரம்மா பேசினாராம். கிளிப் போட்டாயிற்றாம். மாரியாயி கண் முழித்து, "இங்க தேத்தண்ணி இல்லையா?" என்று கேட்டாளாம். மருந்துச்சாலைப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது. பார்க்கட்டுமே.

டாக்டரம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார் என்று நினைத்தீர்களானால் அவரை உங்களுக்குத் தெரியாது. முறைப்படி மேலே எழுதினார். எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது, கோப்பில் கண்டனக் கடிதம் ஏறியது. அந்தக் கடிதத்தின் நகலைப் பிற்பாடு பார்த்தேன். என் பிழையை நாலு வரியில் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார். ஐந்தாவது வரியில், மறுபடி யாரும் கேளாமல் இவர் தானாக வந்து உண்மையைச் சொன்னதால் ஒரு உயிர் தப்பியது என்று எழுதியிருந்தார். அதோடு விடவில்லை. ஒரு காலை பெரட்டுக்கே நேரில் வந்து நின்று, ஆறு டப்பாவையும் என்னையே சேகரிக்கவைத்தார். டப்பா இல்லையென்றால் பெண்கள் மலையை விட்டு இறங்குவார்கள் என்று தொரை முறுக்கினார். இறங்கட்டும், டிஸ்பென்சரின் துண்டுச்சீட்டோடு வந்தவளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி, எழுத்திலும் வாங்கிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினார். டப்பாவால் நான் செய்ய நினைத்ததை அந்த ஒரு தாளால் அவர் செய்துமுடித்தார். கெட்டிக்காரத்தனம் என்றால் அது.

மாரியாயி மூன்று மாதத்தில் மலையேறினாள். இடது இமை கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. "கண்ணடிக்கிறேன்னு யாரும் நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிவாள்.

எல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தேன். போன வருடம் எனக்குத் தலைச்சுற்று வந்து கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். என் தலைக்குள்ளும் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறதாம். இருதய நோய்க்காக நான் தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறவன். "இனி நிறுத்திடணும், இல்லையா?" என்று கேட்டேன். அந்த இளம் டாக்டர், "இல்லை ஐயா, தொடர்ந்து எடுங்க" என்றார். வெடித்த புடைப்புக்குத்தான் ஆஸ்பிரின் ஆபத்தாம். வெடிக்காமல் இருக்கிற சின்னப் புடைப்பின் சுவர் உள்ளுக்குள் அழற்சியால்தான் மெலிகிறதாம். ஆஸ்பிரின் அந்த அழற்சியைத் தணித்து, வெடிக்காமல் காக்கக்கூடும் என்று சிலர் கண்டிருக்கிறார்களாம். இன்னும் முடிவான பேச்சு இல்லை என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. எத்தனை வருடமாக அந்த டப்பாக்களைப் பாவமாகச் சுமந்தேன்! திங்கட்கிழமைக்கு முன்னும் மாரியாயி எத்தனையோ கயிற்றுவலிக்கு அதே மாத்திரையைப் போட்டவள்தானே. ஒருவேளை அதுதான் அவளை அவ்வளவு காலம் காப்பாற்றியதோ? அதற்குப் பிறகு போட்டது கொல்லப் பார்த்ததோ? கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். யாழ்ப்பாணத்தில், தங்கை மகள் வீட்டில், தொண்ணூறை நெருங்கிக்கொண்டு இருக்கிறார். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். பேரைச் சொன்னதும், "ஆறு டப்பா" என்றார். காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம்.

ஸ்கேன் கதை முழுவதையும் கத்திக் கத்திச் சொன்னேன். "அப்ப அந்த மாத்திர அவளக் கெடுத்துச்சாங்கம்மா, காப்பாத்துச்சாங்கம்மா?"

அவர் திருப்பிக் கேட்டார்: "மாரியாயி இருக்கிறாவோ?"

"இருக்காங்கம்மா. பேத்திக்குக் கல்யாணம் பேசுறாங்க."

"எனக்குத் தெரியாது அருளப்பன். அண்டைக்கும் அந்த மருந்தைப் பற்றி எங்களுக்கு அரைவாசிதான் தெரியும். நாளைக்கு இன்னும் ஒண்டு சொல்லுவினம்." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "அண்டைக்கு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது எத்தினை எண்டது மட்டுந்தான். நான் உறையை ஒட்டினாப் பிறகும் நீர் ஓடிவந்து அதைச் சொன்னனீர்."